நைனா சொன்ன ‘கிவ் அப்’

சகாதேவன் பேரைக் கேட்டாலே எனக்குக் குமட்டுகிறது. என் சின்னப்பா மகன்தான். எங்கள் ஊர் பசியாவரத்திலிருந்து பழவேற்காட்டு இங்கிலீஷ் வகுப்புக்கு என்னோடு ஒரே படகில் வந்தவன்.

அன்றைக்கு மிஸ் ‘கிவ் அப்’ நடத்தினார். கெட்ட பழக்கத்தை விட்டாலும் கிவ் அப், நம்பிக்கையை விட்டாலும் கிவ் அப், பஸ்ஸில் வயசானவருக்கு இடம் விட்டாலும் அதேதான். வீட்டில் யாரையாவது ஒரு வாக்கியம் சொல்லவைத்து, வீடியோ எடுத்து வகுப்பு குரூப்பில் போடச் சொன்னார்.

நைனாவைப் பிடித்து உட்காரவைத்தேன். “வுடறதுக்கு நம்மகிட்ட இன்னா கீது பூவிழி? வலை ஒண்ணுதான்” என்று சிரித்தார். சரியென்று ‘ஐ கிவ் அப் ஃபிஷிங்’ சொல்லிக்கொடுத்தேன். நாலு தடவை தடுமாறி, ஐந்தாவது தடவை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். குரூப்பில் முதலில் கைதட்டல் போட்டவன் சகாதேவன்.

அடுத்த வாரம் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். ஏரியில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று பாடு பிரிப்பார்கள். அந்த வாசலில் யாரும் பொய் சொல்வதில்லை. தொழிலை விட்டேன் என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால், அந்த வருஷம் அவர் பாடு அடுத்த பங்காளிக்குப் போய்விடும். எங்களுக்கு அடுத்த பங்காளி சகாதேவன்.

எழுந்து நின்று போனை நீட்டினான். நைனாவின் குரல் கேட்டது. “தொழில வுட்டுட்டேன்னு அர்த்தம்” என்றான் அந்தப் பாவி, கொஞ்சமும் கூசாமல்.

“அது பாடத்துக்குச் சொன்னதுடா! உனக்குத் தெரியாதா?” என்று கத்தினேன்.

“பொம்பளப் புள்ள, சும்மா இரு” என்றார்கள்.

தலைவர் நைனா பக்கம் திரும்பினார். “நீ வாயால சொன்னியா இல்லியா எல்லப்பா? அத மட்டும் சொல்லு.”

“சொன்னேன். ஆனா பொண்ணு பாடத்துக்கு…”

அதற்குமேல் பேச விடவில்லை. அங்கே எல்லாருக்கும் விஷயம் புரிந்திருந்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தூ!

எங்கள் முறை வந்தபோது எங்கள் இடத்தில் அவன் வலை கட்டினான். விடிந்ததும் ஒரு கவர் இறாலோடு வாசலில் வந்து நின்றான். “பெரிம்மா, கொயம்பு வெச்சிக்கங்க. சொந்தம் வுட்டுப் போவுமா?” என்று பல்லை இளித்தான். கவரைப் பிடுங்கி அவன் மூஞ்சியிலேயே வீசக் கை நீட்டினேன்.

அம்மா என் கையைத் தட்டிவிட்டு கவரை வாங்கிக்கொண்டாள். வீட்டில் சோற்றைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் தலை நிமிராமல் உட்கார்ந்து இறால் உரிக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன்.