பதினைந்து இடத்துக்குள் இரண்டு பேர்

செவ்வாய்க்கிழமை காலை கப்பலின் அடித்தொட்டிக்குள் இயேசுதாசன், இயேசுவடியான் என்று இரண்டு வெல்டர்கள் இறங்கினார்கள். மதியம் ஒருவர்தான் ஏறி வந்தார். அவருக்கு இயேசுதாசனின் மீசையும் இயேசுவடியானின் கன்னத் தழும்பும் இருந்தன. நடந்தால் ஈரத் தரையில் நான்கு காலடித் தடங்கள் விழுந்தன. பெயரைக் கேட்டால் "இயேசு" என்பதோடு நாக்கு நின்றுவிட்டது. உள்ளே யார், வெளியே யார் என்று காட்டும் மின்பலகையிலும் அப்படித்தான் இருந்தது: இயேசு உள்ளே போனார், இயேசு வெளியே வந்தார், தொட்டி காலி.

அந்தப் பலகைக்கு நிரல் எழுதியவள் லொரைன். புக்கிட் பாஞ்சாங் பேட்டையில் பதினோராம் மாடி வீட்டிலிருந்து வேலை செய்பவள். தொழிலாளர்களின் பெயர் தமிழிலேயே தெரியவேண்டும் என்று அடம்பிடித்தவளும் அவள்தான். இரண்டேகால் மணிக்குக் கப்பல் பட்டறையின் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஹனீபா கூப்பிட்டார்.

"லொரைன், மூணு மணிக்கு டேங்க்ல தண்ணி விட்டு டெஸ்ட் பண்ணணும். லைட் அடிச்சுப் பார்த்தா உள்ள ஒருத்தரும் இல்ல. ஆனா யாரோ தட்டுறாங்க லா."

போனை இரும்பில் வைத்துக் காட்டினார். டங், டங். லொரைன் கத்தினாள்.

"தண்ணிய நிறுத்துங்கண்ணே!"

"மேல சொல்லிட்டேன். போர்டு காலின்னு காட்டுது, உனக்கு என்ன பிரச்சினைங்குறாங்க. சீக்கிரம் பாரும்மா."

அவளுடைய கணினியில் இரண்டு பெயர்களும் தனித்தனியாக, முழுதாக இருந்தன. பட்டறையின் சர்வரைத் திறந்தாள். முந்தின நாள்தான் அதை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு பெயருக்கு அவள் ஒதுக்கியிருந்தது பதினைந்து இடம். அவள் கணினியில் ஓர் எழுத்துக்குறிக்கு ஓர் இடம். புதிய சர்வர் பைட் கணக்கில் எண்ணியது, தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணினால் 'இயேசு' ஐந்து குறி, அதிலேயே பதினைந்தும் தீர்ந்துபோயின. மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு, இருவரும் ஒருவரே என்று சர்வர் முடிவு செய்திருந்தது.

பைட்டை விட்டுவிட்டு எழுத்துக்குறியை எண்ணும்படி மாற்றினாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். சர்வர் மறுபடி எழ ஏழு நிமிடம் ஆகும் என்றது. மணி இரண்டு ஐம்பத்தாறு. போனில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது, ஹனீபா யாரையோ மலாயில் திட்டுவதும். தட்டல் வேகமானது, பிறகு நின்றது. "எழுந்திரு, எழுந்திரு" என்று லொரைன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று மணி மூன்று நிமிடத்துக்கு முழுப் பெயர்கள் வந்தன. வெளியே உட்கார்ந்திருந்தவரின் கன்னத்திலிருந்து தழும்பு மறைந்தது. தொட்டிக்குள் மார்பளவு தண்ணீரில் இயேசுவடியான் நின்றுகொண்டிருந்தார். கயிறு போட்டுத் தூக்கினார்கள்.

"கத்திக்கிட்டே இருந்தேன்ணே," என்றார் ஹனீபாவிடம். "என் பேரு எனக்கே வரல."

பலகையில் இருவரின் பெயருக்கும் கீழே மூன்றாவதாக ஒரு வரி முளைத்திருந்தது: இயேசு, உள்ளே. லொரைன் பலமுறை அழித்தாள். ஒவ்வொரு முறையும் மறுநாள் வந்திருந்தது. பட்டறையில் இப்போது அந்த ஆளையும் சேர்த்தே தலை எண்ணுகிறார்கள். மதியம் ஹனீபா கூடுதலாக ஒரு சோற்றுப் பொட்டலம் வாங்கித் தொட்டி வாயில் வைக்கிறார். ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தால் வெறும் தாள்தான் கிடக்கும். கறிவேப்பிலை மட்டும் ஓரமாக ஒதுக்கப்பட்டிருக்கும்.