தண்ணீர் குடிக்காத மரம்

தன்னை விட்டுப் போன கணவனின் இப்போதைய மனைவிக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால், வேறு யாராக இருந்தாலும் சற்றுத் தயங்கியிருப்பார்கள். குட்ரூன் தயங்கவில்லை. நேராகத் தன் மரத் தோட்டத்துக் கொட்டகையின் பின்பக்கம் போனாள். அங்கே சுவரோரமாக, வலைக்குள் சுருட்டிய மரங்கள் ஓர் அடுக்காகக் கிடந்தன. முதல் உறைபனி விழுவதற்கு முன்பே, கடல் தாண்டி அனுப்புவதற்காக அவசரமாக வெட்டியவை. வாங்குகிறேன் என்றவன் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான். அன்றிலிருந்து எல்லாம் காற்றில் கிடந்து காய்கின்றன. ஆனால் நார்ட்மன் என்கிற இந்த வகை மரம் பெரிய அழுத்தக்காரி. உள்ளே செத்து வாரக்கணக்கானாலும் வெளியே பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். சூடான அறைக்குள் கொண்டுபோய் வைத்தால்தான் வேஷம் கலையும். ஊசியிலைகள் மொத்தமாகக் கொட்டும். புது மனைவி மெரெத்தாவின் வீட்டுக் கம்பளம் வெள்ளை. அதற்குள் இந்த ஊசிகள் இறங்கினால் ஈஸ்டர் வரை காலில் குத்தும். அடுக்கில் இருந்ததிலேயே அழகான மரத்தை உருவி எடுத்தாள் குட்ரூன். கெட்ட பொருளைக் கொடுத்தாலும் பார்வைக்கு லட்சணமாக இருக்க வேண்டும் அல்லவா?

மேட்டு நிலத்தில் நல்ல மரங்கள் இல்லாமல் இல்லை. ஆள் உயரம் வளரப் பத்து வருஷம் எடுத்துக்கொண்ட மரங்கள். மே மாதப் பனியில் தளிர் கருகிவிடக் கூடாதே என்று விடிய விடிய அவள் விழித்துக் காத்தவை. காகம் உட்கார்ந்து நுனிக் குருத்தை முறித்துப்போட்டால், பக்கக் கிளை ஒன்றை நிமிர்த்திக் குச்சி வைத்துக் கட்டி அதையே நுனியாக்குவாள். அப்படிப் பிழைத்த மரங்களும் அங்கே உண்டு. நவம்பர் பிறந்ததும் ஊர்க்காரர்கள் வந்து வரிசைகளுக்குள் நடந்து, பிடித்த மரத்தில் பெயர் எழுதிய ரிப்பனைக் கட்டிவிட்டுப் போவார்கள்; டிசம்பரில் வந்து வெட்டிக்கொள்வார்கள். ரண்டர்ஸ் நகரத்திலிருந்து வருஷா வருஷம் வந்த மெரெத்தாவும் அப்படி ஒரு வாடிக்கைக்காரிதான். கடைசியாக வந்த வருஷம் அவளுக்கு மரம் காட்டக் குட்ரூனின் கணவன் பிரெபென் கூடப் போனான். பொழுது சாய்ந்து, மற்றவர்களெல்லாம் சூடான மசாலா ஒயினைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் இருவரும் திரும்பவில்லை. ஒரு ரிப்பன் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த வசந்தத்தில் பிரெபென் பெட்டியைக் கட்டினான். கூட்டுறவுக் கடையில் ஒருத்தி இவள் காதுபடவே சொன்னாள்: "மரம் வெட்ட வந்தவ தோட்டக்காரனையே வெட்டிட்டுப் போயிட்டா." கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் குட்ரூனின் வயிற்றில் எரிந்துகொண்டிருக்கிறது.

இந்த வருஷம் எல்லாரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது மகள் த்ரீனாதான். அவளுடைய குழந்தை ஆல்மாவுக்கு இப்போதுதான் மரம், பாட்டு எல்லாம் புரிகிற வயது.

"மரம் உன் தோட்டத்துது, சாப்பாடு அப்பா வீட்டுல. ஒரே ஒரு ராத்திரிம்மா," என்றாள் போனில். "ஏதாவது ஏடாகூடமா பண்ணுன, அப்புறம் வருஷா வருஷம் நாங்க என் மாமியார் வீட்டுக்கே போயிடுவோம். ஆல்மாவ நீ போட்டோவுலதான் பாத்துக்கணும்."

"நான் என்னடி பண்ணப் போறேன்?" என்றாள் குட்ரூன்.

மரத்தை வண்டியில் போட்டுக் கொண்டுபோய் இறக்கியபோது மெரெத்தா வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். எப்போதும் போல மரியாதை, எப்போதும் போல மெல்லிய குரல். அந்தக் குரலைக் கேட்டாலே குட்ரூனுக்குப் பல் கூசும்.

"எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லுங்க. எனக்குச் செடி கொடி எதுவும் கைக்கு வராது."

"அடியில ரெண்டு விரக்கடை அறுத்துடுங்க. உடனே வாளித் தண்ணியில நிறுத்துங்க. வெயில், காத்து படாம வெளியிலயே இருக்கட்டும். முந்தின நாள் உள்ள கொண்டு வந்தாப் போதும். கணப்புப் பக்கம் மட்டும் வைக்காதீங்க."

அத்தனையும் சரியான யோசனை. பிணத்துக்குப் பத்தியம் சொல்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. மெரெத்தா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை குட்ரூன் போனபோது சாப்பாடு முடியும்வரை மரத்தை யாரும் பார்க்கக் கூடாது என்ற வழக்கப்படி அந்த அறையின் கதவு மூடியிருந்தது. வாத்து வறுவல், சர்க்கரைப் பாகில் புரட்டிய உருளைக்கிழங்கு, சிவப்பு முட்டைக்கோஸ். எல்லாமே ருசியாக இருந்தது; அது வேறு எரிச்சல். ஊசியிலை கொட்டிய பேச்சு வரும் வரும் என்று குட்ரூன் காத்திருந்தாள். கடைசியில் மெரெத்தாதான் மரத்தின் பேச்சை எடுத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். ஆனா உங்க மரம் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலியே. வச்ச வாளி வச்சபடியே இருந்துச்சு."

"மரமும் குட்ரூன் மாதிரிதான். இந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேங்குது," என்றான் பிரெபென். மருமகன் நீல்ஸ் சிரித்தான். த்ரீனா அப்பாவை முறைத்தாள்.

"சில மரம் அப்படித்தான்," என்றாள் குட்ரூன்.

பிரெபென் நாப்கினைப் போட்டுவிட்டு எழுந்தான். "சரி, நான் போய் ஏத்திட்டு வரேன்."

"சுவிட்ச் போட இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றாள் குட்ரூன்.

"சுவிட்சா? அசல் மெழுகுவத்தி. பிள்ள ஒரு தடவையாவது நிஜ வெளிச்சத்தப் பாக்கட்டும்."

குட்ரூன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தாள். மெரெத்தா அவள் பக்கம் சாய்ந்தாள். "எனக்குப் பயந்தான். கடையில வாங்குன மரம்னா ஒத்துக்கிட்டே இருக்க மாட்டேன். நீங்க வளத்து, நீங்களே எடுத்துக் குடுத்ததாச்சே. அந்த நம்பிக்கைதான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். 'ஏத்தாதீங்க, அது காஞ்ச மரம்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் 'அப்புறம் ஏன் குடுத்தே?' என்று அடுத்த கேள்வி வரும். அதைக் கேட்கப்போவது த்ரீனா. குட்ரூனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் மெரெத்தாவின் மேல்தான் கோபம் வந்தது. யார் இவளை நம்பச் சொன்னது? மரத்தைச் சுற்றி வந்து பாடப்போவது இரண்டு பாட்டுதானே, பத்து நிமிடத்தில் அணைத்துவிடுவார்கள், எத்தனையோ வீட்டில் ஏற்றுகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து தீக்குச்சி வாசம் வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

கதவைத் திறந்ததும் ஆல்மா "ஓ!" என்று நின்றுவிட்டாள். அறை நடுவில், கூரையை எட்டிப் பிடிக்கிற மாதிரி மரம். கிளைக்குக் கிளை சுடர். கணப்பில் நெருப்பில்லை; அறை குளிர்ந்திருந்ததால் ஊசிகள் இன்னும் கொட்டவில்லை. மரத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வாளி நிறையத் தண்ணீர். மெரெத்தா எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்து மரத்தைச் சுற்றி வளையமானார்கள். குட்ரூனுக்கு ஒரு பக்கம் த்ரீனா, மறுபக்கம் நீல்ஸ். பாடிக்கொண்டே சுற்றத் தொடங்கினார்கள். குட்ரூன் சுடர்களையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இரண்டாவது சுற்றில் அது கண்ணில் பட்டது. ஒரு மெழுகுவத்தி சற்றுச் சாய்ந்திருந்தது. அதற்கு மேலே இருந்த கிளையின் ஊசிகள் சுருண்டு, மெல்லச் சடசடத்துப் புகைந்தன. கீழே, கிளைக்கு ஒரு முழம் தள்ளி, ஆல்மாவின் தலை.

கைகளை உதறிக்கொண்டு பாய்ந்தாள். வாளியைத் தூக்கி மரத்தின் மேல் அப்படியே வீசினாள். ஒரு பெரிய சீறல். பாதிச் சுடர் அணைந்தது. மீதியை வெறுங்கையால் அடித்து அடித்து அணைத்தாள். கண்ணாடி உருண்டைகள் விழுந்து உடைந்தன. இருட்டில் குழந்தை வீறிட்டது.

"பைத்தியமா உனக்கு?" பிரெபென் கத்தினான். "இதுக்குத்தான் வந்தியா? இத்தன வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தியா?"

"அம்மா!" என்றாள் த்ரீனா.

யாரோ விளக்கைப் போட்டார்கள். மெரெத்தா ஈரத் தரையில் நடந்து மரத்தருகே போனாள். கருகிய கிளையைத் தொட்டுப் பார்த்தாள். உள்பக்கமாக ஒரு சிறு கிளையைப் பிடித்து வளைத்தாள். அது வளையவில்லை, சுள்ளிபோல் பட்டென்று முறிந்தது. முறிந்த இடத்தில் பிசின் இல்லை, ஈரம் இல்லை. அதை விரல்களால் தடவியபடியே நிமிர்ந்து குட்ரூனைப் பார்த்தாள். நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"அவங்களத் திட்டாத பிரெபென்," என்றாள். குரல் எப்போதும் போல மெல்லியதாகவே இருந்தது. "இங்க பாரு, பத்த ஆரம்பிச்சிருக்கு. நான்தான் மெழுகுவத்திய சரியா வைக்கல. அவங்க இல்லன்னா பிள்ள என்ன ஆயிருப்பா?"

"இல்ல, மரம்…" என்று தொடங்கினாள் குட்ரூன்.

"மரம் நல்ல மரம்," என்றாள் மெரெத்தா. "தப்பு என்னோடது."

த்ரீனா ஓடிவந்து குட்ரூனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீல்ஸ் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிரெபென் கண் கலங்கி, "மன்னிச்சுக்க குட்ரூன், வாய்க்கு வந்தத பேசிட்டேன்," என்றான். விட்டுப் போன நாளிலிருந்து அவன் வாயிலிருந்து இந்தச் சொல் வராதா என்று அவள் ஏங்கியிருக்கிறாள். இப்போது, இதற்கா வர வேண்டும்? காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

வெந்த உள்ளங்கைக்கு மெரெத்தாவே ஈரத்துணி சுற்றினாள். முடிச்சுப் போடும்போது தலையைக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "வர்ற வருஷமும் மரம் நீங்களே எடுத்துக் குடுங்க. வருஷா வருஷம் குடுங்க. நான் த்ரீனாகிட்ட எதுவும் சொல்ல மாட்டேன். மரம் வந்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

ஆல்மா அழுகையை நிறுத்தி, பாதியில் நின்ற பாட்டு வேண்டும் என்று அடம்பிடித்தாள். மறுபடி வளையமானார்கள். த்ரீனாவை மெல்ல விலக்கிவிட்டு மெரெத்தா குட்ரூனின் பக்கத்தில் வந்து நின்றாள். துணி சுற்றிய கையைப் பிடித்துக்கொண்டாள். நீர் சொட்டும் மரத்தைச் சுற்றி எல்லாரும் பாடினார்கள். பாட்டு முடிந்தது. குழந்தை பரிசுகளைப் பார்த்து ஓடினாள், அவள் பின்னால் மற்றவர்கள் ஓடினார்கள். மெரெத்தா கையை விடவில்லை. மரத்தைப் பார்த்தபடி, முகத்தில் சிரிப்போடு, புண்பட்ட உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.