அமிலத்துக்கு முன்னால் ஒரு இரண்டு

"கலந்தது யார் கை? உன் புருஷன் கைதானே?" என்று சலவைக்கூடத்து சூப்பர்வைசர் கத்திய கத்தலில் மாடிப்படி முழுக்கத் தலைகள் முளைத்தன.

"கை அவர் கை. கலக்கச் சொன்ன வாய் யாரோடது?" என்றாள் லேப் அக்கா.

கட்டிலில் சாய்ந்திருந்த புருஷன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

ஷிப்ட் முடிகிறபோது கேன்களின் அடியில் மிஞ்சியதையெல்லாம் ஒரே நீல டிரம்மில் ஊற்றி, அதை வைத்துத் தரையைக் கழுவ வேண்டும். ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்பது சூப்பர்வைசர் போட்ட சட்டம். துருக்கறை எடுக்க அந்த வாரம்தான் புதிதாக அமிலம் வந்திருந்தது. கேனில் பெயர்ச்சீட்டுகூட இல்லை. அது வெளுப்பு மருந்தின் மேல் விழுந்ததும் மஞ்சளும் பச்சையுமாகப் புகை கிளம்பியது. பதினான்கு வருஷம் துணி வெளுத்தவன் அன்று தவழ்ந்துதான் வெளியே வந்தான்.

"கவனக்குறைவுன்னு கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது."

"முடிஞ்சுதா? வைத்தியத்தை யாரு பாக்கறது, உங்க மாமனாரா?"

சூப்பர்வைசருக்கு இன்னும் பெண் கிடைக்காதது கட்டிடத்துக்கே தெரியும். படியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அக்கா ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். கல்லூரி வேதியியல் கூடத்தில் சோதனைக்குழாய் கழுவி, கரும்பலகை துடைத்துப் பதினோரு வருஷம். துடைக்கிறதைப் படித்துவிட்டுத்தான் துடைப்பாள். சூப்பர்வைசர் நீட்டிய தாளைத் திருப்பிப் போட்டு எழுதினாள்: இடது பக்கம் வினைபடுபொருள் இரண்டு, நடுவில் அம்பு, வலது பக்கம் விளைபொருள் மூன்று. கடைசியில் இருந்த குளோரினைச் சுற்றி ஒரு வட்டம்.

"இந்தப் பக்கம் நீங்க வாங்கிக் குடுத்தது. அந்தப் பக்கம் இவர் நெஞ்சுல இருக்கறது. நடுவுல இருக்கற அம்பு உங்க சட்டம்."

சூப்பர்வைசர் தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். இரண்டு நாள் குழாயடியில் அக்காவுக்குத்தான் முதல் குடம்.

சலவைக்கூடத்தில் வைத்த விசாரணையன்று நிபுணர் என்று வந்து உட்கார்ந்தது யாரென்று நினைக்கிறீர்கள்? அவள் துடைக்கும் பலகையின் பேராசிரியரேதான். அவள் முகத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்தார்.

"அமிலத்துக்கு முன்னால இரண்டு வரணும். இது சமன் செய்யாத சமன்பாடு. ஆதாரமா எடுத்துக்க முடியாது."

"சார், சமன் செய்யறதை நீங்க பிள்ளைங்க கிட்ட விட்டுருவீங்க. அதுங்க நோட்டுலதான் போடும். பலகையில அந்த இரண்டு என்னைக்கு சார் இருந்துது?"

"அது வேற விஷயம்மா."

"புகை வந்துதா இல்லையா, அதைச் சொல்லுங்க சார்!"

அவர் பேனாவை மூடினார். புருஷன் கையெழுத்துப் போட்டான். இருமலில் அது இரண்டு இடத்தில் கோணிக்கொண்டு போனது.

சூப்பர்வைசர் அடுத்த வருஷமே மேலாளரானார். பெண்ணும் கிடைத்தது, லிஃப்ட் வைத்த வீடும் கிடைத்தது. அக்கா புருஷனைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டோடு போய்விட்டாள். அவர்கள் அறைக்குக் குடிவந்திருப்பது புதுசாகக் கல்யாணமான ஜோடி. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் அக்கா கரித்துண்டால் எழுதியிருந்ததை வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். அமிலத்துக்கு முன்னால் அழுத்திப் போட்ட இரண்டு மட்டும் இன்னும் தெரிகிறது. மாப்பிள்ளைக்கு அதே சலவைக்கூடத்தில்தான் வேலை. நீல டிரம் இப்போது அவன் பொறுப்பு.