அழிக்காமல் விட்ட கடிதங்கள்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் மாதிரிப் பேசுவார். நாங்கள் பதிந்திருந்த தத்தெடுப்பு நிலையத்தின் இணையதளத்தில் ‘வரப்போகும் குழந்தைக்கு ஒரு கடிதம்’ என்று ஒரு பகுதி உண்டு. கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். அவர் மூன்று நாள் உட்கார்ந்து அனுப்பியது நான்கே வரி. லீவ் லெட்டர்கூட அதைவிட உருக்கமாக இருக்கும்.

“இதுக்கா மூணு நாள்?”

“வரலை,” என்றார். அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் முறை. எழுதிவிட்டு ‘முன்னோட்டம்’ பொத்தானை அழுத்தினேன். கடிதம் அனுப்பினால் எப்படித் தெரியும் என்று காட்ட ஒரு பக்கம் திறந்தது. அதன் முகவரியின் கடைசியில் எங்கள் விண்ணப்ப எண், ஒரு கோடு, பிறகு 12. இணையதளங்களில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. நான் அழுத்தியது ஒரே தடவை. அப்படியானால் மற்ற பதினொன்று?

12ஐ எடுத்துவிட்டு 3 போட்டேன். புத்தி தடுப்பதற்குள் கை செய்துவிட்டது.

“உன்னை அழைத்து வரலாம் என்று உன் அம்மா சொன்னபோது, அவளுக்காகத்தான் சரி என்றேன். யாரோ பெற்ற பிள்ளையை என்னால் நேசிக்க முடியுமா, தெரியவில்லை. பயமாக இருக்கிறது.”

அதற்கு மேல் படிக்கவில்லை. எழுதி எழுதி, முன்னோட்டம் பார்த்துப் பார்த்து, பதினோரு தடவை அழித்திருக்கிறார் மனிதர். திரையில் எழுதும் கட்டத்தில் மட்டும்தான் அழிந்திருக்கிறது. ஒவ்வொரு முன்னோட்டத்துக்கும் தளம் ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கும். பார்த்து முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். அதன் பெயரையும் யாராலும் ஊகிக்க முடியக் கூடாது. இந்தத் தளத்தைக் கட்டின புண்ணியவான் இரண்டையும் செய்யவில்லை. என் கைப்பேசியில், கணக்குக்குள் நுழையாமலே, அதே முகவரியைப் போட்டேன். ஜம்மென்று திறந்தது. விண்ணப்ப எண்களோ வரிசையாக வருபவை. அடுத்த எண்ணைப் போட்டால் அடுத்த குடும்பத்தின் மனசு திறக்கும். போடவில்லை.

புகார் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஆதாரம் வேண்டும். அடுத்தவர் கோப்பைத் தொடுவதோ பொய் விண்ணப்பம் போடுவதோ எங்கள் தொழிலில் கூடாது. எங்கள் எண்ணைத்தான் தர முடியும். என்னுடைய 12ஐ மட்டும் காட்டலாம்தான். ஆனால் அதற்கு முன்னால் பதினொன்று இருப்பது எண்ணிலேயே தெரியும். பார்க்கிறவர்கள் அதைத்தான் திறப்பார்கள். நானே அப்படித்தானே திறந்தேன்? வியாழக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க நிலையத்து அதிகாரி வருகிறார். ‘நேசிக்க முடியுமா, தெரியவில்லை’ என்று எழுதியவரை நம்பி யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? ஆறு வருஷம் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கிவிட்டு வந்து நின்ற வாசல் இது. பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். வெட்கமில்லாமல்தான் நினைத்தேன்.

அவர் கூடத்தில் டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நீங்க எழுதி அழிச்சதெல்லாம் அழியல. அப்படியே இருக்கு.”

ஸ்குரூ டிரைவர் நின்றது. “எதைப் படிச்சே?”

“மூணாவது. கை போயிடுச்சு. மன்னிச்சுடுங்க.”

காது மடல் சிவந்துவிட்டது அவருக்கு. ரொம்ப நேரம் ஒரே இறக்கையைத் துடைத்தார். “உங்கிட்ட சொல்லியிருக்கணும். உன் மூஞ்சியைப் பார்த்தா வாய் வரலை.” பிறகு, “மத்தவங்களுதும் இப்படித்தான் தொறந்து கிடக்கா?” என்றார்.

“ஆமா. யாரு வேணா படிக்கலாம்.”

“அப்ப புகாரைக் குடுத்துடு.”

“நம்ம நம்பரைத்தான் குடுக்கணும். வியாழக்கிழமைக்குள்ள அவங்க அதைப் படிச்சுட்டா…”

“படிக்கட்டும். கதவு சரியில்லைன்னு தெரிஞ்சும், நான் மேல போகணுங்கிறதுக்காக லிஃப்டை ஓட விடுவேனா?”

அன்றைக்கே அனுப்பினேன். திங்கள் மதியம் தளத்தை மூடிவிட்டார்கள். வியாழக்கிழமை வரை எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

வந்த அதிகாரி நரைத்த தலையும் நனைந்த குடையுமாக ஓர் அம்மா. அறை அறையாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“உங்க புகார் வந்துச்சு. அந்தக் கோப்புகளை யாரும் படிக்கலை. படிக்காமலே எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டேன். அதுல இருந்தது அவங்கவங்க வீட்டு விஷயம்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பித்தோம். என் கணவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

“அப்ப நானே சொல்லிடுறேங்க. எனக்குப் பயமா இருக்கு.”

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மனிதர் அசையவில்லை. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “என்ன பயம்?”

“போன மாசம் ஒரு சின்னப் பொண்ணு தனியா லிஃப்டுல மாட்டிக்கிச்சு, ரெண்டு மாடிக்கு நடுவுல. நாற்பது நிமிஷம். ‘அங்கிள் இருக்கீங்களா, இருக்கீங்களா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ‘இருக்கேன், இருக்கேன்’னு சொல்லிக்கிட்டே வேலை பார்த்தேன். கதவு தொறந்ததும் அவங்க அம்மாகிட்ட ஓடிடுச்சு. சந்தோஷம்தான். ஆனா வண்டியில வரும்போது, யாராவது இன்னும் அப்படிக் கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. இதுக்குப் பேரு பாசமான்னு எனக்குத் தெரியலைங்க. அதான் பயம்.”

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மிதித்த காலை மெல்ல எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மா எதுவும் எழுதவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் போட்டார். எழுந்து பால்கனியை எட்டிப் பார்த்தார்.

“கம்பிக்குக் கம்பி இடைவெளி ஜாஸ்தியா இருக்கு. பிள்ளை வர்றதுக்குள்ள வலை அடிச்சுடுங்க.”

அந்த அம்மா செருப்பை மாட்டி முடிப்பதற்குள் என் கணவர் அளவு டேப்போடு பால்கனியில் நின்றார். அளவைச் சொல்கிறேன், எழுதிக்கொள் என்று என்னைக் கூப்பிட்டார். கண்ணீர் கண்ணை மறைத்தது; மூன்று தடவை தப்பாக எழுதினேன்.