முழு பாட்டிலும் முனிக்கு

புளி லாரி முனி கோயிலில் நிற்காமல் போனது.

நான் கூழ்ப் பானையோடு ரோட்டோரம் நின்றிருந்தேன். லாரிச் சத்தம் கேட்டதும் வழக்கம்போல சொம்பில் கூழை ஊற்றி எடுத்துக்கொண்டு முன்னால் வந்தேன். ஜமுனாமரத்தூரிலிருந்து கீழே இறங்கும் எந்த வண்டியும் இந்த இடத்தில் நிற்காமல் போய் நான் பார்த்ததில்லை. மலைப்பாதையின் வளைவுகள் இங்கேதான் தொடங்குகின்றன. பஸ்கூட நிற்கும், கண்டக்டர் இறங்கிக் கற்பூரம் கொளுத்திவிட்டு ஏறுவார். இந்த லாரி வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் முனியைக் கும்பிட்டபடியே என்னைக் கடந்து போனார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது டிரைவர் கோபால்சாமி அண்ணன் இல்லை. சின்னதம்பி.

சின்னதம்பிக்குப் பதினாறு வயது. பகலில் சந்தையில் மூட்டை ஏற்றுகிறவன். சாயங்காலம் மாதா கோயில் கொட்டகையில் நடக்கும் எங்கள் வகுப்பில் படிக்கிறவன். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று சொல்வதற்காக நாங்கள் சேர்த்த கூட்டத்தில் எல்லாரையும்விட அதிகம் உழைத்தவன்.

முதல் வளைவில் ஹாரன் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒரு சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தை இரண்டு முறை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். சரியாக வரவில்லை. அதனால் முதலில் நடந்ததை முதலில் எழுதுகிறேன்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. இறங்கும் லாரியின் டிரைவர் முனி கல்லுக்கு முன்னால் சாராய பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றுவார். முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். பாட்டிலில் மிச்சமிருப்பது பிரசாதம். அதை டிரைவர் குடிப்பார், கிளீனரும் குடிக்க வேண்டும். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கிளீனர்கள் எல்லாரும் எங்கள் வயசுப் பையன்கள். மீசை முளைக்காதவர்களும் உண்டு. முதல் மடக்கை அவர்கள் சாராயக் கடையில் குடிப்பதில்லை, சாமி முன்னால்தான் குடிக்கிறார்கள்.

போன தை மாசம் எங்கள் வகுப்பு ஜேம்ஸ் அப்படித்தான் குடித்தான். அவனுடைய டிரைவர் அவனைவிட அதிகம் குடித்திருந்தார். ஸ்டியரிங்கை இவனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சாய்ந்து தூங்கினார். வண்டி பள்ளத்தில் போனது. டிரைவர் பிழைத்தார். ஜேம்ஸை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம் வகுப்பில் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"நாமதான் எதனா பண்ணணும்" என்றான் அருணகிரி. "பெரியவங்க அழுவாங்க, அவ்ளோதான்."

அருணகிரி மலைக்காரன். முனி அவர்களுடைய குலசாமி; பூசாரி அவனுக்குத் தாய்மாமன். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். முனி விஷயத்தில் வாய் திறக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியாததால் பேச்சு நடக்கும்போது பெரும்பாலும் சும்மா இருந்தேன். முதலில் அட்டையில் எழுதிக்கொண்டு போய் ரோட்டில் நின்றோம். "இன்னாம்மா ஜோசபின், படிப்பு முடியறதுக்குள்ளயே போலீஸ் வேல குட்த்துட்டாங்களா?" என்று கோபால்சாமி அண்ணன் சிரித்தார். இன்னொரு டிரைவர் அட்டையை மரியாதையாகக் கையில் வாங்கி, நாங்கள் பார்க்கப் பார்க்க சீட்டில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் அருணகிரிக்கு அந்த யோசனை வந்தது. குடிக்காதே என்றால் கேட்க மாட்டார்கள், சாமிக்குக் கொடு என்றால் கேட்பார்கள். மாமனிடம் போய்ப் பேசினான். ஆடிப் பூசையில் டிரைவர்கள் எல்லாரும் நிற்கும்போது பூசாரி சொன்னார்: "பாதி பாட்டில் குட்த்தா முனி பாதி வழிக்குத்தான் காவல் வருவாரு. மீதி வழிய நீயே பாத்துக்க."

அடுத்த நாளிலிருந்து முழு பாட்டிலும் முனிக்குப் போனது. எங்களாலேயே நம்ப முடியவில்லை. அருணகிரி கல்லுக்கு முன்னால் ஒரு தொட்டி செதுக்கினான். ஆடு மாடு வந்து நக்காமல் இருக்க, தொட்டியிலிருந்து வழிவது ஒரு கலயத்தில் விழும்படி வைத்தோம். குடிக்க ஒன்றும் இல்லாமல் நிற்கும் டிரைவருக்கும் கிளீனருக்கும் கேழ்வரகுக் கூழ் கொடுத்தோம். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். மேலே நிற்கிறவர்களுக்கு வண்டி நல்லபடியாக இறங்குவது காதில் கேட்கும்.

கலயத்தைப் பள்ளத்தில் கொட்டும் வேலையைச் சின்னதம்பிதான் கேட்டு வாங்கினான். "அந்த நாத்தம் எனக்குத்தான் ஒத்துக்கும். நீங்கள்லாம் வாந்தி எடுப்பீங்க" என்றான். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. தன் முறை இல்லாத நாளிலும் அவன் வந்து நின்றான். அவனைப் போல என்னால் உழைக்க முடியவில்லையே என்று நான் வருத்தப்பட்டிருக்கிறேன்.

இன்று காலையிலும் என்னோடுதான் இருந்தான். "சந்தைக்குப் போய்ட்டு வர்றேன்க்கா, அம்மா புளி கொண்டாந்துருக்குது, மூட்டை ஏத்தணும்" என்று கிளம்பினான். கண் சிவந்திருந்தது. காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்றான். சாராய வாசனை அடித்ததா என்றால், அடித்தது. அந்த இடத்தில் எப்போதும் அடிக்கும். ஆடியிலிருந்து பாட்டில் பாட்டிலாக ஊற்றி அந்த மண்ணே நாறுகிறது. அதற்குள் ஒரு பையனின் வாயிலிருந்து வருவதை யார் தனியாகப் பிரித்து அறிய முடியும்? தெரிந்திருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

சத்தம் கேட்டதும் ஓடினேன். சொம்பு கையிலேயே இருந்தது. கூழ் முழுவதும் என் பாவாடையில்.

லாரி பள்ளத்துப் பக்கம் போகவில்லை. மலைப் பக்கப் பாறையில் முட்டி நின்றிருந்தது. மூட்டைகள் சரிந்து சில வெடித்து, ரோடெல்லாம் புளி. பெண்கள் அதன் நடுவில் கிடந்தார்கள். அவர்களில் சுந்தரம்மாளின் கால், கால் இருக்க வேண்டிய மாதிரி இல்லை. அவள் கத்தவில்லை. "என் செருப்பு எங்க, என் செருப்பு எங்க" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மங்கம்மாள்தான் முதலில் எழுந்தாள். சின்னதம்பியின் அம்மா. முழங்கையிலிருந்து ரத்தம் சொட்ட, நேராக முன்பக்கம் போனாள்.

"யோவ் கோபால்சாமி! குடிகார நாயே! பொம்பளைங்க ஒக்காந்துனுகீறது கண்ணு தெரியல? எறங்குடா கீழே!"

மூட்டைமேல் ஏறியவர்களுக்கு ஓட்டுகிறவர் முகம் தெரியாது. வண்டி கிளம்பியதும் கோபால்சாமி அண்ணன்தான் என்று நினைத்திருக்கிறார்கள். "அக்கா, நில்லுங்க" என்று நான் கத்தினேன். அதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

நெற்றி கிழிந்து, வாயெல்லாம் ரத்தமாக, அவள் மகன் அவளைப் பார்த்தான்.

மங்கம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். இது யார் என்று நான் சொல்ல வேண்டும்போல. பிறகு மறுபடியும் உள்ளே பார்த்தாள்.

"தம்பி. நீ ஏன்டா இங்க ஒக்காந்துனுகீற? டிரைவர் எங்கடா?"

"ஓட்டத் தெரியும்மா" என்றான். நாக்கு குழறியது. "எனக்கு நல்லா ஓட்டத் தெரியும்."

அவள் குனிந்து அவன் வாயை முகர்ந்தாள்.

கோபால்சாமி அண்ணன் சந்தையிலிருந்து ஓடி வந்தார். சோறு ஒட்டிய கை. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். சந்தைக்குள் லாரியைத் தள்ளி நிறுத்துவதற்கு அடிக்கடி சின்னதம்பியை உட்கார வைப்பாராம். மங்கம்மாளிடம் அந்தக் கையை நீட்டி நீட்டிச் சொன்னார்: "ஆடிலேர்ந்து நான் ஒரு சொட்டு தொடலம்மா. எம் பொண்ணு மேல சத்தியம். ஒரு சொட்டு தொடல." அது உண்மை. எனக்குத் தெரியும்.

கீழேயிருந்து வந்த பஸ் சுந்தரம்மாளையும் அடிபட்ட மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டது. மங்கம்மாளைக் கூப்பிட்டார்கள். "எந்த வண்டிலயும் ஏற மாட்டேன். இவன நான் நடத்தியே கூட்டினு போறேன்" என்றாள். அருணகிரி அந்த பஸ்ஸில்தான் வந்து இறங்கினான். அவன் சட்டையைக் கிழித்துச் சின்னதம்பியின் நெற்றியில் கட்டினோம். மேலே ஏறி முனி கோயிலுக்கு வந்ததும் மங்கம்மாள் மகனை உட்கார வைத்தாள்.

"எந்தக் கடையில குட்த்தான்? பேரச் சொல்லு."

அவன் தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் நீட்டினான். கல்லுக்குப் பின்னால்.

நானும் அருணகிரியும் போய்ப் பார்த்தோம். புதருக்குள் ஒரு கலயம், எங்கள் கலயத்தைவிடப் பெரியது, மூடி போட்டுப் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த கொட்டாங்குச்சிகள் வரிசையாக. ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. ஒன்றில் கோழி இறகு செருகியிருந்தது. அவரவருக்கு அடையாளம். ஒன்றில் ஆணியால் 'க' என்று கீறியிருந்தது. இடப்பக்கம் சாய்ந்த 'க'. அந்த எழுத்து எனக்குத் தெரியும். வகுப்பில் சின்னப் பிள்ளைகள் வரிசைக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவள் நான்தான். அந்தச் சாய்வைத் திருத்த ஒரு மாசமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

"இவன் மட்டும் இல்ல" என்றேன். என் குரல் யாருடையதோ போலக் கேட்டது.

அருணகிரி கலயத்தையே பார்த்தான். "டிரைவருங்க கையிலேர்ந்து புடுங்கி நாமளே இவனுங்களுக்கு ஊத்திக் குட்த்துருக்கோம்" என்றான். பிறகு கீழே கிடந்த பாறைத் துண்டைத் தூக்கி, தானே செதுக்கிய தொட்டியின்மேல் போட்டான். தொட்டி இரண்டாகப் பிளந்தது. குலசாமியின் தொட்டி. பாறையைப் போட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கலயத்தை நான் கவிழ்த்தேன்.

அந்த நேரத்தில்தான் மேலேயிருந்து இன்னொரு லாரி வந்து நின்றது. வயசான டிரைவர். இறங்கும்போதே கையில் பாட்டில். பின்னால் எலுமிச்சம்பழத்தோடு அவருடைய கிளீனர், சின்னதம்பியைவிடச் சிறியவன்.

"இன்னாம்மா, ஒடஞ்சி கெடக்குது? எங்க ஊத்தறது?"

எனக்கு இரண்டும் தெரிந்தது. முனி குடிக்கவில்லை என்று சொன்னால் இவர் குடிப்பார், இந்தப் பையனும் குடிப்பான், ஜேம்ஸ் போன வழி. சொல்லாவிட்டால் 'க' என்று கீறிய கொட்டாங்குச்சி மறுபடியும் நிறையும். அருணகிரி சொல்வான் என்று பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"ஊத்தாதீங்க ஐயா" என்றேன். "இவ்ளோ நாளா நீங்க ஊத்தினத இவன் குடிச்சிருக்கான். சின்னப் பசங்களும் குடிச்சிருக்காங்க. கீழ லாரி பாறையில முட்டிக் கெடக்குது. இனிமே கொண்டே வராதீங்க."

டிரைவர் சின்னதம்பியைப் பார்த்தார். மங்கம்மாளின் முழங்கையைப் பார்த்தார். "முனி கோவிச்சுக்கினா?"

"எங்க சாமி" என்றான் அருணகிரி. "கேட்டா எம்மேல போடுங்க."

"அப்போ இத்த இன்னா பண்றது?" பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

அதை மட்டும் நாங்கள் யோசித்து வைக்கவில்லை. அவர் கிளீனரிடம் எலுமிச்சம்பழத்தை வைக்கச் சொல்லிவிட்டு, பாட்டிலைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, ஏறி உட்கார்ந்தார். மூடி திறந்திருக்கவில்லை. அதை நான் கவனித்துப் பார்த்தேன்.

லாரி இறங்கியது. நாலு பேரும் ரோட்டோரம் நின்று கேட்டோம். முதல் வளைவில் ஹாரன். மங்கம்மாள் மகனின் கையை விடாமல் பிடித்திருந்தாள். அடுத்த வளைவில் ஹாரன். அதற்கடுத்து வெகு நேரம் ஒன்றுமில்லை, பிறகு மெல்லியதாக ஒன்று. காற்று மாறியது. புளிய மர இலைச் சத்தம்தான் இருந்தது.

"கடைசி வளைவு கேட்டுதா?" என்றேன் அருணகிரியிடம்.

"கேட்டுது" என்றான்.

எனக்குக் கேட்கவில்லை.