ஓட்மார் சுட்ட வோல்பர்டிங்கர்

ஓபர்ஃபில்ஸ் ஊரில் பார்ட்டலின் கடைப் பலகையில் ‘விலங்குகள் பதப்படுத்தித் தரப்படும்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். உள்ளே வேட்டைக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன நரியும் மான் தலையும் முறை வரக் காத்திருக்கும். அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் செய்கிற வேலை வேறு.

முயலின் உடம்பு. அதன் நெற்றியில் சிறுமானின் கொம்பு. விலாவில் வாத்தின் இறக்கை. வாயில் மரநாயின் கோரைப்பல். தையல் தெரியாமல் தைத்து, கண்ணாடிக் கண் பதித்து, காதுகள் சுருங்காமலிருக்க அட்டை வைத்து ஊசி குத்திக் காயவிட்டால், அதுதான் வோல்பர்டிங்கர். சுவரில் வோல்பர்டிங்கர் இல்லாத விடுதியை அந்த வட்டாரத்தில் பார்ப்பதும் சிலுவை இல்லாத விடுதியைப் பார்ப்பதும் ஒன்று. இரண்டும் கிடைக்காது. அவற்றில் பெரும்பாலானவை பார்ட்டலின் கைவேலை.

இதை யாரும் சொன்னதில்லை. பார்ட்டலும் சொன்னதில்லை. வோல்பர்டிங்கர் காட்டில் பிறக்கிறது, காட்டில் திரிகிறது, அதை ஓட்மார் சுடுகிறார். விஷயம் அத்தோடு முடிந்தது.

ஓட்மார் ஓய்வு பெற்ற வனக்காவலர். போஸ்ட் விடுதியின் மூலை மேசையில், சுவரில் மாட்டிய வோல்பர்டிங்கருக்கு நேர் கீழே உட்காருவார். அவருக்கு வலப்பக்கம் கசாப்புக்கடை லோய்சல், இடப்பக்கம் பார்ட்டல். அந்த மேசையில் இடம் உள்ளவர்களுக்கெல்லாம் தலைக்கு மேலே அலமாரியில் ஆளுக்கொரு பீர்க்குவளை, பெயர் பொறித்தது. குவளை அலமாரியை விட்டு வீட்டுக்குப் போவது, அதன் சொந்தக்காரர் கல்லறைக்குப் போன பிறகுதான். விதவை துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவாள்.

கோடையில் வடக்கேயிருந்து சுற்றுலாக்காரர்கள் வருவார்கள்; வடக்கத்தியார் எல்லோருமே ஊருக்குப் பிரஷ்யாக்காரர்கள்தான். அண்ணாந்து பார்ப்பார்கள். கேட்பார்கள்.

“இது என்னங்க மிருகம்?”

“வோல்பர்டிங்கர். மேல்காட்டுல சுட்டேன்” என்பார் ஓட்மார், பீரிலிருந்து கண்ணை எடுக்காமல். “காத்து எதிர்ல வந்துச்சு. இல்லேன்னா கிட்டவே அண்டவிடாது.”

“கடிக்குமா?”

“ஆம்பளைங்கள கடிக்காது.”

கணவர் நிம்மதியாகச் சிரிப்பார். மனைவி நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்வாள். மேசையில் ஒருவர் முகமும் மாறாது. பார்ட்டல் துக்க வீட்டில் இருப்பவர்போலத் தலையை ஆட்டுவார். அப்படி ஆட்டி ஆட்டியே அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது.

ஒரு இலையுதிர் காலத்தில் டாக்டர் ஹென்ரீகெ லூடர்ஸ் என்ற பெண்மணி அந்த விடுதியில் சாப்பிட வந்தார். ஹாம்பர்க்காரர், மியூனிக்கில் ஒரு கலைக்கூடத்தின் பொறுப்பாளர். வறுத்த பன்றிக்கறியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து, சுவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“இத யார் செஞ்சது?”

பூசை நடுவில் யாரோ விசில் அடித்தது மாதிரி இருந்தது.

“செஞ்சதா?” என்றார் லோய்சல், பெரிய மனசு பண்ணி. “அம்மா, இத செஞ்சது ஆண்டவர். சுட்டது ஓட்மார்.”

அந்த அம்மாள் சிரித்தார், பில்லைக் கொடுத்தார், போய்விட்டார். பார்ட்டல் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். கழிப்பறையைத் தாண்டி, சமையற்கட்டைத் தாண்டி, பின்வாசல் வழியாகக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, கிளம்பிக்கொண்டிருந்த காரின் கண்ணாடியைத் தட்டினார்.

“நான்தான்” என்றார். பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் வருகிற குரல் அது.

மறுவாரம் அந்த அம்மாள் கடைக்கே வந்தார். பின்னறையைப் பார்த்து மூச்சடைத்து நின்றார். பார்ட்டலை மரியாதையாகக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “நீங்க என்ன செய்றீங்கன்னு உங்களுக்கே தெரியல, ஹெர் ஆங்கெரர். மிருகத்துக்கும் மிருகத்துக்கும் நடுவுல மனுஷன் போட்ட எல்லைக்கோடு இருக்கில்ல? உங்க முயல் அத அழிச்சிடுது” என்றார். உடல், மறுப்பு, கலப்பு என்று இன்னும் நிறையச் சொன்னார். பார்ட்டலுக்கு அதில் ஒன்றும் தங்கவில்லை. ஒரு வாக்கியம் மட்டும் காதுக்குள் ஆணியடித்தாற்போல நின்றது.

“சுவர்ல உங்க பேர் இருக்கும்.”

பார்ட்டல் என்று சுருக்கி அல்ல, முழுப் பெயர். பார்த்தொலொமேயுஸ் ஆங்கெரர். ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் பிறகு அதை யாரும் முழுசாகச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பார்ட்டலுக்கு நடையே மாறிவிட்டது. மியூனிக்கில் போய்க் கழுத்துவரை மூடிய கறுப்புச் சட்டை ஒன்று வாங்கிவந்தார். மனைவி புர்கல் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“யாரு செத்தது?”

“யாரும் சாகல. கலைஞர்கள் போடற சட்டை இது.”

“அவங்கள்ல யாராவது செத்தா என்னத்தப் போடுவாங்க?”

பார்ட்டல் சட்டையின் கழுத்துப் பித்தானைப் பூட்டிக்கொண்டார். கலைஞர்கள் புரிந்துகொள்ளப்படுவதில்லை என்று அந்த அம்மாள் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

“இன்னொண்ணு, புர்கல். இனிமே யாராவது கேட்டா, அவரு தோலுக்குள்ள எதையோ அடைக்கிறாருன்னு சொல்லாத. சிற்பம்னு சொல்லு.”

“சொல்றேன். உன் சிற்பத்தோட காலு ஃபிரிட்ஜுல வெண்ணெய் மேல கெடக்கு. மொதல்ல அத எடு.”

பனிக்காலம் முழுக்க ஒரே வேலை. இதுவரை செய்ததிலெல்லாம் பெரியது இது. காட்டு வாத்தின் சவ்வுக்கால், நரியின் வால், ஒற்றைக் கிளை மட்டும் கோணலாய்ப் போன கொம்பு. விடுதிக்குச் செய்கிறபோது பல்லைக் காட்டவைத்து, கண்ணை உருட்டவைத்து முடித்துவிடுவார். இதற்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. உதட்டுக்குள் களிமண்ணை வைத்து வைத்து எடுத்தார். கடைசியில் ஒரு முகம் வந்தது: யாரோ தன்னைக் கூப்பிட்டார்களா இல்லையா என்று சந்தேகப்படுகிற பிராணியின் முகம். புர்கலின் முடியுலர்த்தியால் மயிரை ஊதிவிட்டு, தள்ளி நின்று பார்த்தார். நன்றாகத்தான் வந்திருந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. சொன்னால், அது செய்யப்பட்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

கலைக்கூடத்திலிருந்து விடுதிக்கும் ஒரு அழைப்பு வந்தது. அந்த அம்மாள் மரியாதைக்கு அனுப்பியது. லோய்சல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைக்குப் படித்துக் காட்டினார். தேவாலயத்தில் வாசகம் படிப்பவர் அவர்தான் என்பதால் ஏற்ற இறக்கத்துக்குக் குறைவில்லை.

“‘உடல்களின் மறுபேச்சு. வோல்பர்டிங்கர்களை உருவாக்கிய கலைஞர் பார்த்தொலொமேயுஸ் ஆங்கெரர்.’” கண்ணாடியைக் கழற்றினார். “உருவாக்கியவனாம். டேய், கேட்டீங்களாடா? இவன் உருவாக்கினானாம்.”

“பிரஷ்யாக்காரன் படிக்கிற மாதிரி அச்சடிச்சே போட்டுட்டானா?” என்றார் ஓட்மார்.

“யோவ், என் வேலைய என் வேலைன்னு சொல்லக் கூடாதா?” என்றார் பார்ட்டல்.

“இத்தன வருஷமா நான் சுட்டேன்னு சொல்லிட்டிருக்கேன். இப்ப நான் பொய்யனா?”

“நீ சுடலியே!”

“அது வேற விஷயம்” என்றார் ஓட்மார் கம்பீரமாக.

மேசை இதை யோசித்தது. இன்னொரு சுற்று பீர் வந்தது. அரசியல் சட்டத்தைத் திருத்தும்போதுகூட இத்தனை முகங்கள் இவ்வளவு இறுகியிருக்காது. முடிவில் லோய்சல் சொன்னார்.

“இதோ பாரு, பார்ட்டல். எங்களுக்கு உன்மேல கோவமில்ல. ஆனா சுவத்துல உன் பேரு ஏறுச்சுன்னா, அலமாரிலேருந்து உன் குவளை எறங்கும். புர்கலுக்கு அத தூக்கிட்டுப் போற வேல வைக்காத. நீ உசுரோட இருக்கறப்பவே அவ அத தூக்கிட்டுப் போனா, ஊர்ல என்ன பேசுவாங்க?”

“நான் போகத்தான் போறேன்” என்றார் பார்ட்டல்.

“போ. நாங்களும் வர்றோம். வந்து பாத்துட்டு முடிவு பண்றோம்.”

திறப்புவிழா நாளில் கலைக்கூடம் வெள்ளைவெளேரென்று இருந்தது. நடுவில் வெள்ளைப் பீடம், அதன்மேல் அந்தப் பிராணி. பக்கத்துச் சுவரில் கறுப்பு எழுத்தில் அவர் பெயர். பார்ட்டல் அதைப் படித்தார். எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு இன்னொரு முறை படித்தார். அறை முழுக்க அவரைப் போலவே கறுப்புச் சட்டைக்காரர்கள். எல்லோரும் பிராணியைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார்கள். சாய்க்கும் கோணத்தில் மட்டும் ஆளுக்கு ஆள் சிறு வித்தியாசம்.

டாக்டர் லூடர்ஸ் பேசினார். பெயரில்லாத நாட்டார் மரபின் இருட்டிலிருந்து ஒரு கலைஞர் இன்று வெளிச்சத்துக்கு வருகிறார் என்றார். கைதட்டல் எழுந்த நேரத்தில் கதவு திறந்தது. பச்சைக் கம்பளிக் கோட்டும் தொப்பியில் மலையாட்டு மயிர்க்குச்சமுமாக மூலை மேசை முழுவதும் உள்ளே வந்தது. முன்னால் ஓட்மார், வனக்காவலர் சீருடையில். பித்தான் பூட்டாத இடத்தில் வயிறு தெரிந்தது. அவர் நேரே பீடத்தருகே போய்த் தொப்பியைக் கழற்றி, சவத்தின் அருகே நிற்பவர்போல நின்றார்.

கண்ணாடி போட்ட ஒரு இளைஞன் நெருங்கினான். “உங்களுக்கும் இந்தப் படைப்புக்கும் என்ன உறவு?”

“நான்தான் சுட்டேன்” என்றார் ஓட்மார்.

அறை அவர் பக்கம் திரும்பியது. ஓட்மார் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. காற்று எதிரில் வந்ததைச் சொன்னார். பெண் வோல்பர்டிங்கர் குட்டிக்காக அழுத சத்தத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வாரம் துப்பாக்கியைத் தொடவில்லை என்றார். “ஆம்பளைங்கள கடிக்குமா?” என்று லோய்சல் எடுத்துக்கொடுத்தார். கூட்டம் சிரித்து, பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டு, இன்னும் நெருங்கி வந்தது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்ட்டலைச் சுற்றி, மதுக்கோப்பை ஏந்திய பணியாள் ஒருவர் மட்டும் நின்றார். அவரும் ஓட்மாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் லூடர்ஸ் ஓடிவந்து பார்ட்டலின் கையைப் பிடித்தார். “அற்புதம்! நிகழ்த்துகலையையும் சேர்த்துட்டீங்களே! ஏன் முன்னாடியே சொல்லல?”

பார்ட்டலுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

“அவன் சுடல!” என்று கத்தினார். “அவனால ஒரு வைக்கோல் போரக்கூட சுட முடியாது! இத நான் செஞ்சேன். முயல் தபால் வண்டியில அடிபட்டது. நரிவால் லோய்சலோட மச்சான் குடுத்தது. உள்ள இருக்கறது ஃபோம், கம்பி, களிமண்ணு. கண்ணு ரெண்டும் கண்ணாடி. ஒவ்வொரு இறகும் என் கையால வச்சது!”

மூலை மேசையின் முகங்கள் கல்லாய் நின்றன. சொல்லிவிட்டார். எல்லோர் முன்னாலும், பிரஷ்யாக்காரர்கள் முன்னாலும் சொல்லிவிட்டார்.

பிறகு கறுப்புச் சட்டைகள் கைதட்டின. “யாரு இந்தப் பாத்திரம்? ரொம்ப நல்லா பண்றாரே” என்றது ஒரு குரல். “ஃபோம், கம்பின்னு சொல்றது கொஞ்சம் தட்டையா இருக்கு. வேட்டைக்காரர்தான் எனக்குப் பிடிச்சுது” என்றது இன்னொன்று. கூட்டம் மெல்ல ஓட்மாரிடமே திரும்பிப் போனது. குட்டி பிழைத்ததா என்று தெரிய வேண்டியிருந்தது.

“ஹெர் ஆங்கெரர்” என்று டாக்டர் லூடர்ஸ் அவரை ஓரமாக அழைத்துப்போனார். “தயவுசெஞ்சு விளக்காதீங்க. விளக்கினா படைப்பு செத்துப்போகும். செஞ்சவர் மறையணும். எனக்கே இப்பத்தான் புரியுது.” அவர் நல்ல அம்மாள். புரிந்ததை உடனே செய்துவிடுகிறவர். விழா முடிவதற்குள் சுவரிலிருந்த பெயரை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் வெறும் சுவர் இன்னும் ஆழமாகப் பேசுகிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூலை மேசை கூடியது. பார்ட்டல் பழைய சாம்பல் கோட்டில் வந்திருந்தார். உட்காரலாமா என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய குவளை இன்னும் அலமாரியில் இருந்தது. அதை எல்லோரும் பார்க்காததுபோலப் பார்த்தார்கள்.

“நியாயமாப் பாத்தா, சொல்லிட்டான்” என்றார் லோய்சல். “என் மச்சானையும் சேத்துச் சொன்னான்.”

“சொன்னான். யாராவது நம்பினாங்களா?” என்றார் ஓட்மார். மியூனிக்கிலிருந்து வந்தது முதல் அவரிடம் ஒரு புதிய கருணை தெரிந்தது. அங்கே நாலு பேர் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒருத்தனும் நம்பல.”

“அப்ப அது சொன்னதுல சேராது.”

“சுவத்துல பேரு?”

“எடுத்துட்டாங்க. நானே பாத்தேன்.”

மேசை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. எதிர்ப்பு இல்லை. விடுதிக்காரி ரொசீனா எட்டிக் குவளையை எடுத்து, நிரப்பி, பார்ட்டலின் இடத்தில் வைத்தாள். லோய்சல் நாற்காலியைக் காலால் இழுத்துவிட்டார்.

“உக்காருடா. எல்லாம் சரியாப் போச்சு.”

பார்ட்டல் உட்கார்ந்தார். எல்லோரும் குவளையை உயர்த்தினார்கள், அவரும் உயர்த்தினார். குடித்துக் கீழே வைத்துவிட்டு, நுரை அடங்குவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆனா நான்தானே செஞ்சேன்?” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்திலிருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

லோய்சல் மீசை நுரையை நிதானமாகத் துடைத்துக்கொண்டார். ஓட்மார் புகைக்குழாயில் புகையிலையை அழுத்தினார். மேசையில் ஒருவர் முகமும் மாறவில்லை.

“எதை?” என்றார் லோய்சல்.