திறக்காத போத்தல்கள்

பத்து மணிக்குள் முப்பது போத்தல் போய்விட்டது. ரத்தினம்மா இதை எதிர்பார்க்கவில்லை.

சாதிக்காயில் கொட்டைக்கும் அதைச் சுற்றிய சிவப்புப் பத்திரிக்கும்தான் விலை. மேலே மூடியிருக்கும் சதையைத் தெல்தெனியப் பக்கத்துத் தோட்டங்களில் மரத்தடியிலேயே குவித்து அழுக விடுவார்கள். அங்கே நாட்கூலிக்குப் போய்வந்த ரத்தினம்மா, அந்தச் சதையை உரப்பையில் அள்ளி வந்து, இஞ்சியும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக் காய்ச்சினாள். போத்தலில் அடைத்தது கெலிஓயாவைச் சேர்ந்த ரிப்கா. கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரே பாடசாலை முகாமில், ஒரே வகுப்பறையில் பாய் விரித்தவர்கள் இருவரும். ரிப்காவின் வீட்டை ஆறு கொண்டுபோனது. ஹந்தானையில் ரத்தினம்மாவின் லயத்து வீட்டுக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து அவள் கணவன் கறுப்பையாவைக் கொண்டுபோனது. அவளை மட்டும் மண்ணிலிருந்து இழுத்தெடுத்தார்கள்.

இந்தச் சாற்றை நம்பி ரிப்கா தையல் கடை வேலையை விட்டிருந்தாள். இது நாலு பேர் நாக்குக்குப் பிடிக்காவிட்டால் மறுபடி அந்த மெசினுக்கு முன்னால்தான் போய் உட்கார வேண்டும். அதைப் பார்த்துவிடத்தான் கண்டி நகரில் நடந்த இந்த இரண்டு நாள் விற்பனைச் சந்தைக்கு வந்திருந்தார்கள். முகாமில் உதவிய ஒரு நிறுவனம் நடத்திய சந்தை. அவர்களுக்கு முதல் சந்தை.

“நான் அப்பவே செல்லினேன் தானே ரத்தினக்கா. நாளக்கி நூத்தம்பது ஊத்தோணும்.”

“மெதுவா பேசு புள்ள. கண்ணு பட்டுரும்.”

வந்தவர்கள் ஒரு மாதிரியாகத்தான் வாங்கினார்கள். கடையின் மேற்பக்கத்தைப் பார்ப்பார்கள், பிறகு ரத்தினம்மாவின் முகத்தை, பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு போத்தலை எடுப்பார்கள். என்ன சாறு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. டவுன் ஆட்கள் இப்படித்தான் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்குக் கை கழுவப் பின்பக்கத்துக் குழாயடிக்குப் போனாள். குழாயை ஒட்டிய மதில்மேல் அவர்களுடைய போத்தல்கள் வரிசையாக நின்றன. எண்ணினாள். ஒன்பது. குப்பைத் தொட்டிக்குள் இன்னும் நாலு. ஒன்றில்கூட மூடி திறக்கப்படவில்லை.

புளித்துப்போனதோ என்று பதறி ஒன்றைத் திறந்து குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

காலையில் பின்பக்கமாகவே பெட்டிகளை இறக்கியிருந்ததால், திரும்பி வரும்போதுதான் தன் கடையை முதல்முறையாக வெளியே நின்று பார்த்தாள். கூரையின் முன்விளிம்பில், உள்ளே நிற்பவர்களுக்குத் தெரியாதபடி, ஒரு பெரிய பதாகை தொங்கியது. அதில் கறுப்பையா. அடையாள அட்டைப் படம், கண் பாதி மூடிய படம். யாராவது அதைப் பார்க்கக் கேட்டாலே அவருக்குக் கோபம் வரும். அந்த முகம் இப்போது இரண்டடி உயரத்தில் இருந்தது. கீழே மூன்று மொழியில், ‘அனைத்தையும் இழந்தவருக்குக் கை கொடுங்கள்’. சாதிக்காய் என்ற சொல் எந்த மொழியிலும் இல்லை.

அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். கயிறு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

நிறுவனத்துப் பெண் பிரியாந்தினி ஓடி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கழுத்தில் அட்டை தொங்கியது.

“அம்மா, ஏன் கழட்டுறியள்? அதப் பாத்துத்தானே சனம் வருது.”

“இந்தப் படம் எப்படி மிஸ் ஒங்க கைக்கு வந்துச்சு?”

“உங்கட ஃபைல்ல இருந்தது. நல்லதுக்குத்தானேயம்மா செய்தனாங்கள்.”

“நட்டஈட்டு ஃபோமோட குடுத்த படம் அது. ஜூஸ் விக்கவா குடுத்தேன்? ஒரு வார்த்த கேட்டீங்களா?”

பிரியாந்தினி சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “கோவிக்காதேங்கோ. ஆனா உங்கட கதை இல்லாட்டி ஆர் இத வாங்குவினம்? சாதிக்காய்ல ஜூஸ் எண்டு ஆருக்குத் தெரியும்?”

அதில் உண்மை இருந்ததுதான் ரத்தினம்மாவை இன்னும் எரித்தது. தெரியாத சாற்றை மூடிக் கட்டி அடுக்கிவிட்டு, ருசி காட்ட நாலு கோப்பை கொண்டுவர அவர்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

“நீங்க குடிச்சுப் பாத்தீங்களா மிஸ்?”

காலையில் கடை திறந்ததும் முதல் போத்தலை ரிப்கா அவளுக்குத்தான் கொடுத்திருந்தாள். அது பிரியாந்தினியின் கைப்பையிலிருந்து, மூடியும் கழுத்துமாக, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பிறகு ஆறுதலாக் குடிப்பம் எண்டு…”

“காலையிலேருந்து இவங்க வாங்கினது என் புருசன் செத்தத, மிஸ். சாறு அங்க மதில் மேல அப்படியே நிக்குது. போய்ப் பாருங்க.”

பிரியாந்தினி போகவில்லை. இந்த முன்வரிசை பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கியது, பதாகை இல்லாவிட்டால் இந்த இடத்தைத் தர மேலிடம் விடாது, ஜெனரேட்டர் பக்கத்தில்தான் இடம் இருக்கிறது என்றாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள்.

பிரியாந்தினி அங்கிருந்து போனதும் ரிப்கா, “முப்பது போத்தல் போச்சே ரத்தினக்கா. ரெண்டு நாளக்கி தொங்கிட்டுப் போகட்டுமே,” என்றாள்.

“அடுத்த மாசம் வேற ஊருக்குப் போறப்ப? அதுக்கப்புறம்? இவரயே தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போறதா?”

ரிப்கா சேலை முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டாள்.

“மேசட அந்தப் பக்கத்தப் புடிங்க,” என்றாள்.

ஜெனரேட்டர் இரைச்சலில் கத்தித்தான் விற்க வேண்டியிருந்தது. பக்கத்துத் தேநீர்க் கடையில் சின்னக் கடதாசிக் கோப்பைகள் வாங்கி, ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினார்கள். ஒரு பள்ளிப் பிள்ளை, “கசாயம்” என்று முகத்தைச் சுளித்தது. ஒருவர் பாதியைப் புல்லில் ஊற்றினார். ஒரு தம்பதி இரண்டு போத்தல் வாங்கி, அங்கேயே திறந்து, குடித்துக்கொண்டே நடந்தார்கள். பாவம் என்று யாரும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் குடையை ஊன்றிக்கொண்டு ஒரு சிங்களப் பெரியவர் வந்தார். ஒரு வாய் குடித்ததும் புருவத்தை உயர்த்தினார்.

“இது சாதிக்கா தானே? சதையா?”

“ஆமா மாத்தயா.”

இன்னொரு கோப்பை கேட்டு வாங்கி, வாய்க்குள்ளேயே வைத்திருந்து விழுங்கினார். “இஞ்சி மதி,” என்று சிங்களத்தில் தொடங்கி, “பத்தாது,” என்றார்.

“இஞ்சிய கூட்டினா சாதிக்கா வாசம் அமுங்கிப் போயிரும்.”

“நான் நாப்பது வருசம் சாதிக்கா யாவாரம். எனக்குச் சொல்ல வேணாம்.”

“நாப்பது வருசமா இந்தச் சதைய வீசத்தானே செஞ்சீங்க? இஞ்சி பத்தாதுன்னு இப்பதான் தெரிஞ்சிச்சா?”

ரிப்கா பயந்துபோய் அவள் முழங்கையைக் கிள்ளினாள். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கால் மணி நேரம் இஞ்சியைப் பற்றியே அடித்துக்கொண்டார்கள், ஜெனரேட்டருக்கு மேலாகக் கத்திக் கத்தி. ஒரு போத்தலை முழுதாகக் குடித்து முடித்துவிட்டு, இரண்டை வாங்கிக்கொண்டு போனார்.

சாயந்தரம் மிச்சம் அறுபதுக்கு மேல் இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு விற்றது பதினாறு. பதினாறும் குடித்துப் பார்த்து வாங்கியவை. பெட்டிகளைக் கட்டும் கயிற்றை ரத்தினம்மா இன்னும் ஆத்திரத்தோடுதான் இறுக்கினாள்.

“நாளக்கி ஒரு சட்டிக்கி மட்டும் இஞ்சியக் கொஞ்சம் கூட்டிப் பாப்பமா?” என்றாள் ரிப்கா.

“ஒன்னயும் அந்தாளு கெடுத்துட்டாரா?” என்று சீறினாள் ரத்தினம்மா. பிறகு, மரக்கறிச் சந்தை மூடுவதற்குள் இஞ்சி வாங்கிவர ரிப்காவை அனுப்பினாள்.